கல்லூரியில் மது விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினம் வந்தால் ஒரு பேரணி, ஒரு பேனர், ஒரு உறுதிமொழி, ஒரு குரூப் போட்டோ. பெரும்பாலான கல்லூரிகளில் இதோடு வேலை முடிந்துவிடுகிறது. அன்றைக்கு ராத்திரியே உறுதிமொழி எடுத்தவர்களில் சிலர் பர்த்டே ட்ரீட்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குத் தெரியாத எதையும் நாம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம், போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம், விடுதி நிர்வாகம் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் மாணவத் தொண்டர்களுக்கும். கீழே உள்ள வரிசை முக்கியம். புதிதாக இறங்குபவர்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுவதால்தான் பாதி நிகழ்ச்சிகள் சொதப்புகின்றன.

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை: கெமிஸ்ட்ரி லேபிலிருந்து ஒரு 100 மி.லி. அளவுக் குவளை, தண்ணீர், தேயிலைச் சாயம், சில பிளாஸ்டிக் டம்ளர்கள், ஒரு பூட்டிய பெட்டி, அச்சடித்த சீட்டுகள், ஒரு பாய். காலி மது பாட்டிலை மட்டும் வளாகத்துக்குள் கொண்டுவராதீர்கள். யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த ஒரு வாரம் அதற்கு விளக்கம் சொல்லியே போய்விடும்.

1. உதவி கிடைக்கும் வழியை முதலில் உறுதி செய்யுங்கள்

பேச்சு நன்றாக அமைந்தால் அன்று மாலையே யாராவது உங்களைத் தேடி வருவார். "சார், என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு ஒரு டவுட்" என்றுதான் தொடங்குவார். அப்போது "விசாரிச்சுச் சொல்றேன்ப்பா" என்று அனுப்பினால் இன்னொரு முறை வரமாட்டார். அதனால்தான் இது முதல் படி.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போங்கள். புறநோயாளிகளை எந்தக் கிழமை, எத்தனை மணி வரை பார்க்கிறார்கள், எந்தக் கட்டடம், எந்த அறை, மாணவர் தனியாக வந்தால் பார்ப்பார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை ஆகியவை தெரிந்த இடங்கள்.

தொலைபேசி எண்கள் மூன்று போதும். குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. உயிருக்கு ஆபத்தென்றால் 108. அச்சடிக்கும் முன் முதல் இரண்டு எண்களையும் நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். என்ன கேட்பார்கள், தமிழில் யார் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் பயந்து நிற்கும் மாணவருக்குத் தைரியம் சொல்ல முடியும்.

2. நிர்வாகத்திடம் ஒரு வாக்குறுதி வாங்குங்கள்

பணமோ அரங்கமோ அப்புறம். முதலில் கேட்க வேண்டியது இது: மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீதும், தானாக வந்து உதவி கேட்பவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. இதை முதல்வர் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள்.

காரணம் எளிது. டி.சி. கிழிப்பார்கள், அப்பாவை வரச்சொல்வார்கள் என்ற பயம் இருக்கும் விடுதியில், மட்டையானவனை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் உயிர் போகும்.

"அப்போ குடிக்கச் சொல்லிக் கொடுக்கறீங்களா?" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். சட்டத்தைச் சொல்லித் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது விற்கக்கூடாது. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்குக் கீழேதான். நிகழ்ச்சியிலும் அதையே சொல்வோம், குடிக்காமல் இருப்பதுதான் நல்லது என்றும் சொல்வோம். ஆனால் டாஸ்மாக் கடை வாசலில் 19 வயதுப் பையனுக்கு வாங்கித் தர ஒரு சீனியர் கிடைத்துவிடுகிறார் என்பதும், 18 வயதில் வாங்கலாம் என்பதற்காகவே பாண்டிச்சேரிக்கு டிரிப் போடுகிறார்கள் என்பதும் கேட்பவருக்கும் தெரியும். அந்த நிஜத்தைப் பேசத்தான் அனுமதி கேட்கிறீர்கள்.

3. பேசும் முன் கேளுங்கள்

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் பெயரில்லாத சீட்டு ஒன்றைச் சுற்றுக்கு விடுங்கள். நான்கு கேள்விகள் போதும். கடந்த 30 நாளில் குடித்தீர்களா? குடித்திருந்தால் ஒரே உட்காரலில் அதிகபட்சம் எவ்வளவு? உங்கள் வகுப்பில் 10 பேரில் எத்தனை பேர் குடிப்பதாக நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் யாருடைய குடியாவது உங்களைத் தொந்தரவு செய்கிறதா?

எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கும் கட்டங்கள்தான் இருக்க வேண்டும். எழுதச் சொன்னால் கையெழுத்தில் மாட்டிக்கொள்வோம் என்று பொய் எழுதுவார்கள். கூகுள் ஃபார்ம் வேண்டாம். மெயில் ஐடி போய்விடும் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. பெட்டியை லைப்ரரியில் வையுங்கள், ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறை வாசலில் வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் இதன் உயிர். "எல்லாரும்தான் குடிக்கிறாங்க" என்ற நினைப்பு பல பேரைக் குடிக்கத் தள்ளுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள்: சக மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் நிஜத்தைவிடக் கூட்டியே கணிக்கிறார்கள். உங்கள் சீட்டுகளை எண்ணிப் பார்த்தால் அந்த இடைவெளி உங்கள் வளாகத்திலும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் குடிக்கிறார். மீதி மூன்று பேர் சத்தம் போடுவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இடைவெளி தென்படவில்லை என்றால் அந்த எண்ணைக் காட்டாதீர்கள். பாதிப் பேர் குடிக்கிறார்கள் என்று மேடையில் அறிவித்தால் நீங்களே விளம்பரம் செய்தது போலாகிவிடும்.

4. கூட்டத்தைச் சிறிதாக்குங்கள்

ஆடிட்டோரியத்தில் 600 பேரை உட்கார வைத்து, கருகிய ஈரல் படத்தைத் திரையில் காட்டுவது வீண் வேலை. குடிக்காதவர் முகம் சுளிப்பார். குடிப்பவர் பக்கத்தில் இருப்பவனை இடித்துச் சிரிப்பார். இருபது வயதில் ஈரல் ஐம்பது வயசுப் பிரச்சினை.

25, 30 பேராகப் பிரித்து வகுப்பறையில் வட்டமாக உட்கார வையுங்கள். விடுதி மாணவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதியிலேயே. மாணவிகளுக்குத் தனி அமர்வு ஒன்று வேண்டும். குடிப்பதைப் பற்றி மட்டுமில்லாமல், குடித்தவரோடு டிரிப் போவது, வண்டியில் ஏறுவது, வீட்டில் அப்பா அண்ணனைச் சமாளிப்பது பற்றியெல்லாம் அங்கேதான் பேச்சு வரும்.

நடத்துபவர் மாணவத் தொண்டராக இருந்தால் நல்லது, ஆசிரியர் வெளியே இருக்கட்டும். தொண்டர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதல் பெஞ்ச் ஆட்களையே பிடிப்பார்கள். விடுதியில் எல்லா அறைக்கும் தயக்கமில்லாமல் போய்வருகிற, பேச்சு கொடுக்கத் தெரிந்த ஒருவர் அவர்களில் பத்துப் பேருக்குச் சமம்.

5. ஊற்றிக் காட்டுங்கள்

அமர்வின் நடுநாயகம் இதுதான். ஒரு மாணவரை அழைத்து, பிளாஸ்டிக் டம்ளரில் சாயத்தண்ணீரை "ஒரு பெக் ஊற்று" என்று சொல்லுங்கள். சிரிப்பு கிளம்பும், விடுங்கள். அவர் ஊற்றியதை அளவுக் குவளையில் கவிழ்த்துக் காட்டுங்கள். ஸ்மால் பெக் என்பது 30 மி.லி.தான். ஊற்றியதோ பெரும்பாலும் 60-ஐத் தாண்டியிருக்கும், சிலர் கை 90-க்குப் போகும். சிரிப்பு அந்த இடத்தில் நிற்கும்.

இப்போது கணக்கு. 42.8 சதவீதம் என்று லேபிளில் அச்சாகியிருக்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் 30 மி.லி. எடுத்தால் அதில் தூய ஆல்கஹால் சுமார் 10 கிராம். இதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 மி.லி. கட்டிங் 3 அலகு. 180 மி.லி. குவார்ட்டர் 6 அலகு.

அடுத்து பீர். 650 மி.லி. பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் சுமார் 41 கிராம், அதாவது 4 அலகு. 5 சதவீதம் என்றால் இரண்டரை. "நான் பீர் மட்டும்தான்" என்பவர் இரண்டு ஸ்ட்ராங் பாட்டில் முடித்தால், ஒரு குவார்ட்டர் அடித்தவரையும் தாண்டிவிட்டார். இந்த ஒரு கணக்கைப் பலகையில் அவர்களையே போடச் சொல்லுங்கள். நாம் சொன்னால் அட்வைஸ், அவர்களே போட்டால் கண்டுபிடிப்பு.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, "அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு அடிக்கலாம்?" என்ற கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடுவது. சொல்லாதீர்கள். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அலகுக் கணக்கு ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

6. மணிக்கணக்கைச் சொல்லுங்கள்

உடல் ஒரு மணி நேரத்தில் ஓர் அலகுக்கும் சற்றுக் குறைவாகத்தான் கழிக்கும். மோர், எலுமிச்சை, பிளாக் காபி, தலைக்குக் குளியல், வாந்தி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் போதை மெதுவாக ஏறும், உள்ளே போன அளவு குறையாது. எனர்ஜி டிரிங்க் கலந்தால் தூக்கம் வராது, தெளிவாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் ரத்தத்தில் இருப்பது அப்படியேதான் இருக்கும்.

இதை வண்டியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரே அலகு உத்தேசமாக 25-ஐத் தொட்டுவிடும். ஒரு குவார்ட்டர் 140-க்கு மேல் ஏற்றும். ராத்திரி 10 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடித்தவர் ஊருக்குப் போகக் காலை 6 மணிக்குப் பைக்கை எடுத்தால், அப்போதும் அந்த 30-ஐ ஒட்டியே இருக்கலாம். எடை குறைவானவர்களுக்கும் பெண்களுக்கும் கணக்கு இன்னும் மோசம். "தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சிருச்சு" என்பதுதான் இங்கே உடைக்க வேண்டிய நம்பிக்கை.

பின்னால் உட்காருபவரிடமும் பேசுங்கள். சாவியை வாங்கி வைப்பது யார் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யச் சொல்லுங்கள். நாலு ரவுண்டுக்கு அப்புறம் சாவி கேட்டால் சண்டைதான் வரும்.

7. "வேண்டாம்" சொல்லப் பழக்குங்கள்

"நோ சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்வது சுலபம். பிறந்தநாள் கொண்டாடுகிறவன் தோளில் கை போட்டு, "எனக்காக ஒரே ஒரு கட்டிங் மாப்ள" என்று நிற்கும்போது என்ன சொல்வது? இதற்கு ஒத்திகை வேண்டும். இரண்டு பேரை எழுப்பி நடிக்க விடுங்கள், ஒருவர் வற்புறுத்த, ஒருவர் மறுக்க.

நீண்ட காரணம் சொன்னால் தோற்றுவிடுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராளியிடம் பதில் இருக்கும். "நாளைக்கு எக்ஸாம்" என்றால் "நாளைக்குத்தானே" என்பான். "எனக்கு வேணாம்டா, நீ என்ஜாய் பண்ணு, சைடு டிஷ் மட்டும் இந்தப் பக்கம் தள்ளு" என்பது போலச் சின்னதாக, சிரித்த முகத்தோடு, அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் நிற்கிறது. கையில் ஏற்கெனவே ஒரு டம்ளர் செவன்அப் இருந்தால் யாரும் ஊற்ற வரமாட்டார்கள். "வண்டி ஓட்டப்போறேன்" என்பது பெரும்பாலான கூட்டத்தில் எடுபடும்.

வற்புறுத்துகிறவருக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஃபர்ஸ்ட் இயர் பையனைச் சீனியர் குடிக்க வைப்பது ராகிங். தமிழ்நாட்டில் அதற்கு 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், ஆனால் சொல்லாமல் விடவும் வேண்டாம்.

8. மட்டையானவரைக் காப்பாற்றக் கற்றுக்கொடுங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் வெட்டுங்கள், இதை மட்டும் வெட்டாதீர்கள். குடிக்காதவருக்கும் இது தேவை, ஏனென்றால் அந்த அறையில் தெளிவாக இருக்கப்போவது அவர்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளை அழுத்திப் பார்த்தும் எழவில்லையா? மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் குறைவா? இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி இடைவெளி விழுகிறதா? உதடு நீலம் பூத்து, உடம்பு சில்லென்று இருக்கிறதா? வலிப்பு வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வண்டி வரும்வரை ஆளை மல்லாக்கப் படுக்க விடக்கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்பக்கக் காலை முட்டியில் மடக்கி முன்னால் ஊன்றி, மேல்பக்கக் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையைப் பார்த்திருக்கும்படி வைக்க வேண்டும். பாயை விரித்து ஒவ்வொருவரையும் செய்ய வையுங்கள். பார்த்தால் வராது, கை பழக வேண்டும்.

செய்யக்கூடாதவை: தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, ஷவருக்கு அடியில் உட்கார வைப்பது, மோரை ஊற்றுவது, தனியாக விட்டுவிட்டுப் போவது. "தூங்கட்டும் விடு" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கடைசியாக அடித்த இரண்டு ரவுண்டு இன்னும் வயிற்றில் இருக்கும். ஆள் மயங்கிய பிறகும் போதை ஏறிக்கொண்டேதான் போகும்.

கள்ளச்சாராயம் வேறு கதை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனாலின் விளைவு பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்: வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல். கண் மங்கினால் வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது, நேராக அரசு மருத்துவமனை. கூடக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

9. வீட்டில் குடிப்பவர் இருக்கும் மாணவரை மறக்காதீர்கள்

நான்காவது கேள்விக்கு வரும் டிக் பலரை அதிர வைக்கும். அரங்கில் இருப்பவர்களில் சிலருக்கு மது என்பது ராத்திரி 9 மணிக்கு அப்பாவின் செருப்புச் சத்தம். மேடையில் குடிகாரனைப் போலத் தள்ளாடி நடித்துக் காட்டும் நாடகங்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். பக்கத்தில் எல்லோரும் சிரிக்கும்போது அந்த மாணவர் எங்கே பார்ப்பார்?

அவர்களுக்கு மூன்று விஷயங்கள் போய்ச் சேர வேண்டும். அப்பாவின் குடிக்கு நீங்கள் காரணமில்லை. குடிநோய்க்கு மருத்துவம் உண்டு, அரசு மருத்துவமனையில் காசில்லாமலே உண்டு. குடும்பத்தினர் மட்டும் கூடிப் பேச அல்-அனான் குழுக்கள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்லுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி வீட்டில் அடைத்தால், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். குடியை நிறுத்தும் மருந்தைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பதும் அப்படியே; அதன்மேல் அவர் குடித்துவிட்டால் இதயம் தாங்காமல் போகலாம்.

10. தனியாக வருபவரிடம் பேசும் முறை

கதவை மூடுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். "எப்போ கடைசியா குடிச்சே?" என்று விசாரணை போலத் தொடங்காதீர்கள். "சொல்லுப்பா, என்ன யோசிச்சுட்டிருக்க?" போதும்.

குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற 10 கேள்விப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய நிலை, 20-ஐ எட்டினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அவரே நிரப்பட்டும், அவரே கூட்டட்டும். எண்ணைப் பார்த்துவிட்டு "இதைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அறிவுரையில் இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நிறுத்தப்போவது அவர், காரணமும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் நிற்கும்.

நீங்கள் மருத்துவர் அல்ல. குடிக்காத அன்று கை நடுங்குகிறது, வியர்க்கிறது, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். முதல் படியில் எழுதி வைத்த அறை எண் இப்போது கைகொடுக்கும்.

11. நாளைக் குறியுங்கள், திரும்ப அளந்து பாருங்கள்

ஜூன் 26-ஐ விட்டுத்தள்ளுங்கள். முதலாம் ஆண்டு மாணவர்கள் விடுதிக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு அமர்வு. ஐ.வி. (தொழிற்சாலைகளைப் பார்க்கப் போகும் பயணம்), டூர் பஸ் கிளம்பும் முன் 8-ஆம் படி மட்டும் அரை மணி நேரம். ஃபேர்வெல்லுக்கு முந்தைய வாரம் மறுபடி. பயம் சூடாக இருக்கும்போது சொல்வதைவிட, தேவை வரப்போகும் நேரத்தில் சொல்வது நினைவில் இருக்கும்.

மூன்று எண்களையும் ஒருக்களிக்கும் படத்தையும் ஐ.டி. கார்டு உறைக்குள் நுழையும் அளவில் ஒரு அட்டையாக அடித்துக் கொடுங்கள். போஸ்டர் சுவரில் இருக்கும், ஐ.டி. கார்டு கழுத்தில் இருக்கும்.

மூன்று மாதம் கழித்து அதே பெட்டியை அதே இடத்தில் வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை போட்டோ என்பதெல்லாம் அறிக்கைக்கு. குடித்தவர் எண்ணிக்கை, ஒரே உட்காரலின் அளவு, மூன்றாவது கேள்வியின் இடைவெளி ஆகிய மூன்றும் அசைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேள்விகளை மெருகேற்றுகிறேன் என்று ஒரு சொல்லைக்கூட மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் பழைய சீட்டோடு ஒப்பிட முடியாது.